ஹைடல்பெர்க்குக்கு ஒரு பகல் போதுமா, ஓர் இரவு தங்க வேண்டுமா?

அச்சகத்து மகள்

எல்லோருக்கும் வணக்கம். மே மாத நடுவில் நான், கணவர், அப்பா மூவரும் ஜெர்மனி வருகிறோம். பிராங்க்பர்ட்டில் இறங்குகிறோம், நான்கு நாள் கழித்துப் பாரிஸுக்கு ரயில். நடுவில் ஹைடல்பெர்க் பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. பயண முகவர் போட்டுக் கொடுத்த திட்டத்தில் அந்த ஊருக்கு மூன்று மணி நேரம்தான் இருக்கிறது. கோட்டை, பாலம், கடைத்தெரு, மறுபடி பஸ்.

அப்பா சிவகாசியில் 38 வருடம் மெஷின்மேனாக இருந்தவர். டிரெடில் என்ற பழைய அச்சு மெஷினில் கையால் தாள் கொடுத்துத் தொழில் கற்றுக்கொண்டு, அப்புறம் ஹைடல்பெர்க் என்ற பெயருள்ள அச்சு மெஷினை ஓட்டப் போனவர். எங்கள் ஊரில் "ஹைடல்பெர்க் ஓட்டுறவர்" என்றால் அதற்கென்று ஒரு மரியாதை உண்டு. கறுப்பு மெஷின். இரண்டு கைகள் காற்றாடி மாதிரி சுழலும். ஒன்று புதுத் தாளைப் பிடித்து உள்ளே கொண்டுபோக, மற்றது அச்சான தாளை வெளியே வைக்கும். பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே நான் கேட்ட வெளிநாட்டுப் பெயர் அதுதான். அது ஓர் ஊரின் பெயர் என்று அப்பாவுக்கே வெகுநாள் கழித்து முதலாளி சொல்லித்தான் தெரியும்.

அப்பாவுக்கு 67 வயது. முழங்கால் வலி உண்டு, படி ஏறினால் மறுநாள் சிரமப்படுவார். இந்த மூன்று மணி நேரம் போதுமா? மெஷின் செய்த இடத்தைப் பார்க்க முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மன்ஹைம்வாசி

போதவே போதாது. பக்கத்து ஊரான மன்ஹைமில் 11 வருடமாக இருக்கிறேன், ஹைடல்பெர்க் எனக்கு ரயிலில் கால் மணி நேரம்தான். எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கு இல்லை. நான் உறுதியாகச் சொல்வது இது: ஒரு இரவு தங்குங்கள். காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து வரை அந்த ஊர் சுற்றுலா பஸ்களுடையது. அதற்கு முன்னாலும் பின்னாலும்தான் அது தன் முகத்தைக் காட்டும்.

முதலில் மெஷின் விஷயம். அந்த நிறுவனம் 1850இல் பிராங்கன்டாலில் தொடங்கி, 1896இல்தான் ஹைடல்பெர்க்குக்கு வந்தது. இப்போது தொழிற்சாலை தெற்கே வீஸ்லோக் என்ற ஊரில் இருக்கிறது. சும்மா போய்ப் பார்க்கும் இடம் இல்லை. ஆனால் ஹைடல்பெர்க் ரயில் நிலையத்துக்கு எதிரே, கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் முன்னால், சுமார் 13 மீட்டர் உயரத்தில் பிரம்மாண்டமான உலோகக் குதிரை ஒன்று நிற்கிறது. அச்சுத் தொழிலுக்காக வைத்த சிற்பம் அது. அதன் பெயரிலேயே அச்சு இருக்கிறது. அப்பாவை முதலில் அங்கே கூட்டிப் போங்கள். படி எதுவும் ஏற வேண்டாம்.

ரயில் நிலையம் பழைய நகரத்திலிருந்து இரண்டு, மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பெட்டிகளை நிலைய லாக்கரில் வைத்துவிட்டு, மலை ரயிலடி வரை போகும் பஸ்ஸைப் பிடியுங்கள். அங்கிருந்து சரிவு ரயில் கோட்டை வாசல் அருகே இறக்கிவிடும். கோட்டைச் சீட்டுக்குள்ளேயே அந்த ரயில் கட்டணமும் அடங்கிவிடும். நடந்து ஏறும் வழியில் 300க்கு மேல் படிகள், அது அப்பாவுக்கு வேண்டாம்.

இன்னொன்று. கோட்டையை உள்ளே நின்று பார்ப்பதைவிட ஆற்றுக்கு அந்தக் கரையில் நின்று பார்ப்பதுதான் அழகு. எல்லோரும் 'தத்துவஞானிகள் பாதை'க்கு ஏறச் சொல்வார்கள். பாலத்தடியிலிருந்து போகும் பாம்புப் பாதை வளைந்து வளைந்து செங்குத்தாக ஏறும், கல்படிகள் வேறு. நீங்கள் ஏற வேண்டாம். பழைய பாலத்தைக் கடந்து வடகரையில் ஆற்றோரச் சாலையிலேயே நின்றாலும் பாலம், ஊர், கோட்டை, பின்னால் காடு எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடும். மாலை ஏழு மணிக்கு மேல் வெயில் மேற்கிலிருந்து சாய்ந்து அடிக்கும்போது அந்தச் செம்மணற்கல் உள்ளிருந்து எரிவது போல இருக்கும்.

தண்டவாளம்

நான் மாறுபடுகிறேன். உங்களுக்கு இருப்பது நான்கே நாள். பழைய ஜெர்மன் பல்கலைக்கழக ஊர் என்றால் டூபிங்கன் போங்கள். அதுவும் நெக்கார் நதிக்கரைதான், ஆனால் கூட்டம் இல்லை. 1477இல் தொடங்கிய பல்கலைக்கழகம். தத்துவஞானிகள் ஹெகல், ஷெல்லிங், கவிஞர் ஹோல்டர்லின் மூவரும் அங்கே இறையியல் விடுதியில் ஒரே அறையில் இருந்து படித்தவர்கள். ஹோல்டர்லின் மனநிலை குலைந்தபின் ஒரு தச்சர் குடும்பம் அவரை ஏற்று, ஆற்றோரக் கோபுர அறையில் 1807 முதல் 1843இல் இறக்கும்வரை 36 வருடம் வைத்துப் பார்த்துக்கொண்டது. அந்த மஞ்சள் கோபுரத்தின் அடியில் தட்டைப் படகில் உட்கார்ந்து போகும்போது நெஞ்சு கனத்துவிடும். கோட்டைச் சமையல் கூடத்தில் இருந்த ஆய்வகத்தில்தான் 1869இல் மீஷர் என்ற விஞ்ஞானி உயிரணுக் கருவிலிருந்து ஒரு புதுப் பொருளைப் பிரித்தெடுத்தார். நாம் இன்று டி.என்.ஏ. என்று சொல்வது அதுதான். மலையாளத்துக்கு அகராதியும் இலக்கணமும் எழுதிய குண்டர்ட் படித்ததும் அங்கேதான்.

ஹைடல்பெர்க்கில் கடைத்தெரு முழுக்க நினைவுப் பொருள் கடைகள். மூன்று மணி நேரம் என்று முகவர் போட்டது சரியே.

நெக்கார்ச் செல்வி

தண்டவாளம் அண்ணா, டூபிங்கன் பற்றி நீங்கள் சொன்னது எல்லாம் உண்மை. எனக்கும் பிடித்த ஊர். ஆனால் அந்த ஹோல்டர்லினே ஹைடல்பெர்க்கைப் பார்த்துவிட்டு, தாயே என்று அழைக்க ஆசைப்படுகிறேன் என்று அந்த ஊருக்கு ஒரு கவிதை எழுதியிருக்கிறார். கடைத்தெருவை மட்டும் வைத்து இந்த ஊரைத் தள்ளிவிடாதீர்கள்.

நான் இங்கே வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், மூன்றாவது வருடம். அக்கா, அந்தப் பெரிய தெரு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் நீளும். பிஸ்மார்க் சதுக்கத்திலிருந்து உள்ளே நடக்கும்போது ஓரிடத்தில் புன்சன் சிலையாக நிற்பார். பள்ளிக்கூட ஆய்வகத்தில் நாம் எல்லோரும் பற்றவைத்த பர்னருக்குப் பெயர் கொடுத்தவர். அவரும் இயற்பியலாளர் கிர்ஹோஃபும் இந்த ஊரில்தான் சுடரின் ஒளியைப் பட்டகத்தில் பிரித்துப் பார்த்து, ஒவ்வொரு தனிமத்துக்கும் தனக்கே உரிய நிறக்கோடு உண்டு என்று காட்டினார்கள். 1860இல் ஓர் ஊற்று நீரில் இரண்டு நீலக் கோடுகள் தெரிந்தன, அது சீசியம் என்ற புதுத் தனிமம். மறு வருடம் ரூபிடியம். சூரியனில் என்ன இருக்கிறது என்று பூமியில் உட்கார்ந்தபடியே சொல்ல வழி பிறந்தது அப்படித்தான். முதல் வருடம் எதுவுமே சரிவராமல் ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று இருந்த நாட்களில் நான் அந்தச் சிலைப் பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

பல்கலைக்கழகம் 1386இல் தொடங்கியது. இன்றைய ஜெர்மனியில் இதுதான் மிகப் பழையது. 'மாணவர் சிறை'யைக் கட்டாயம் பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கே அப்போது நீதி வழங்கும் அதிகாரம் இருந்தது. குடித்துவிட்டு ராத்திரி கூச்சல் போட்டவன், வாள்சண்டை போட்டவன் எல்லாரையும் இங்கே அடைப்பார்கள். வகுப்புக்கு மட்டும் போய்விட்டு வரலாம். 1914 வரை நடந்திருக்கிறது. சுவர், கூரை, படிக்கட்டு எங்கும் அவர்கள் மெழுகுவர்த்திக் கரியாலும் வண்ணத்தாலும் தங்கள் பக்கவாட்டு முகத்தை வரைந்து, பெயரும் நாளும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஓர் இடம்கூட வெறுமையாக இல்லை. மாடியில் இருக்கிறது, படிகள் உண்டு, ஆனால் அப்பா மெல்ல ஏறலாம்.

அப்புறம் நூலகம். அப்பா அச்சுத் தொழிலில் இருந்தவர் என்பதால் இதைச் சொல்கிறேன். சந்தைச் சதுக்கத்தில் நிற்கும் பரிசுத்த ஆவி தேவாலயத்தின் மேல்மாடங்களில் ஒரு காலத்தில் ஐரோப்பாவின் மிகப் பெரிய புத்தகச் சேகரிப்புகளில் ஒன்று இருந்தது. முப்பதாண்டுப் போரில் 1622இல் ஊர் வீழ்ந்ததும், வென்ற பவேரியக் கோமகன் அதை அப்படியே போப்பாண்டவருக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார். கோவேறு கழுதைகள் மேல் ஏற்றி ஆல்ப்ஸ் மலை தாண்டி ரோமுக்குப் போனது. அவற்றில் ஜெர்மன் மொழிச் சுவடிகள் 847, 1816இல் திரும்பின. மற்றவற்றில் பெரும்பகுதி இன்றும் வத்திக்கானில்தான்.

சண்டைக்கு முன்பே வெளியே கொண்டுபோகப்பட்டு, பல கை மாறிப் பாரிஸ் போய்ச் சேர்ந்து, 1888இல் மீண்டு வந்த ஒரு புத்தகமும் உண்டு. அதுதான் மனேசே சுவடி. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியது. காதல் பாட்டுக் கவிஞர்கள் 140 பேர், முழுப்பக்க ஓவியங்கள் 137. நம் அகப்பாட்டு படித்தவர்களுக்கு அந்த ஓவியங்கள் அந்நியமாகவே தோன்றாது. ஒருவன் கூடையில் உட்கார, மேலிருந்து தலைவி கயிற்றைச் சுற்றி இழுக்கிறாள். இன்னொருவன் கல்லின்மேல் கால்மேல் கால் போட்டு, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறான். மூலச் சுவடியை அபூர்வமாகத்தான் காட்சிக்கு வைப்பார்கள். ஆனால் ஒவ்வொரு பக்கத்தையும் நூலகமே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. வருவதற்கு முன்னால் அப்பாவுக்குக் காட்டுங்கள்.

தமிழும் இங்கே இருக்கிறது. 1962இல் தொடங்கிய தெற்காசிய ஆய்வு நிறுவனத்தில் தமிழ் கற்பித்திருக்கிறார்கள். முதல் தடவை ஒரு ஜெர்மன் பையன் என்னிடம் "சாப்பிட்டீர்களா?" என்று முழு வாக்கியமாகக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வடமராட்சியான்

வணக்கம் தங்கச்சி. நான் யேர்மனிக்கு வந்து 34 வருசம், ஸ்ருட்காட்டில் இருக்கிறன். ஊரில் இருந்து ஆர் வந்தாலும் முதலில் ஹைடெல்பேர்க்குக்குத்தான் கூட்டிக்கொண்டு போவேன். ஐயாவைக் கட்டாயம் கொண்டு போங்கோ, இரவும் நில்லுங்கோ.

கோட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம். அது முழுக் கோட்டை இல்லை, இடிபாடு. 1689இலும் 1693இலும் பிரெஞ்சுப் படைகள் ஊரோடு சேர்த்து அழித்தன. தடித்த சுவர்க் கோபுரம் ஒன்று வெடிவைத்ததில் பிளந்து, ஒரு பெரிய துண்டு அப்படியே சரிந்து பள்ளத்தில் கிடக்கிறது. 300 வருசம் கடந்தும் அதை ஒருவரும் எடுக்கவில்லை. பிறகு கொஞ்சம் திருத்திக் கட்ட, 1764இல் இடி விழுந்து எரிந்தது. அதோடு கைவிட்டுவிட்டார்கள். சனங்கள் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போய் வீடு கட்டினார்கள். அதைத் தடுத்து நின்று காப்பாற்றியவர் கிரைம்பெர்க் என்ற பிரெஞ்சுப் பிரபு, புரட்சிக்குத் தப்பி வந்தவர். 1810இல் இங்கே வந்து, படம் வரைந்து, மிஞ்சியதைச் சேர்த்து, வாழ்நாள் முழுக்க அதற்கே செலவழித்தார். ஊர் விட்டு ஓடி வந்த ஒருவர், வந்த இடத்துக் கல்லை இவ்வளவு நேசித்திருக்கிறார். நான் போகும்போதெல்லாம் அவரை நினைப்பேன்.

உள்ளே 1751இல் செய்த பெரிய மரப் பீப்பாய் இருக்கு. 2 லட்சம் லீற்றருக்கு மேல் வைன் கொள்ளும், அதன் தலைக்கு மேல் ஏறி நடக்கலாம். பிள்ளையளுக்குப் பிடிக்கும். மருந்தக அருங்காட்சியகமும் அதே சீட்டில்தான், அதைத் தவற விடாதேங்கோ.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேணும். எல்லாரும் காதல் ஊர், கவிதை ஊர் என்று எழுதுறியள். பல்கலைக்கழகச் சதுக்கத்தில் நிற்கும்போது கீழேயும் பாருங்கோ. 1933 மே 17ஆம் திகதி மாணவர்கள் புத்தகங்களைக் குவித்து எரித்த இடம் அது, நினைவுப் பலகை பதித்திருக்கு. பக்கத்தில் இருக்கும் புதிய பல்கலைக்கழகக் கட்டடம் அமெரிக்க நன்கொடையில் 1931இல் எழும்பியது. வாசலுக்கு மேல் "உயிருள்ள ஆன்மாவுக்கு" என்று எழுதியிருக்கும். யூதரான ஒரு பேராசிரியர் தந்த வாசகம். நாசிகள் அதை "ஜெர்மன் ஆன்மாவுக்கு" என்று மாற்றினார்கள். போருக்குப் பிறகு பழைய வாசகமே திரும்பியது. 1940 ஒக்ரோபரில் இந்த ஊர் யூதர்களைப் பிரான்சில் இருந்த கூர்ஸ் முகாமுக்கு ஏற்றினார்கள். யாழ்ப்பாண நூலகம் எரிந்த செய்தி கேட்டு வளர்ந்த எங்களுக்கு அந்தச் சதுக்கத்தைச் சும்மா கடந்து போக ஏலாது.

தண்டவாளம்

வடமராட்சியான் ஐயா, நான் இரண்டு தடவை அந்தச் சதுக்கத்தின் வழியாகப் போயிருக்கிறேன், இது எதுவும் தெரியாமல். நன்றி. என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். அவர்களுக்கு ஒரு இரவு வேண்டும்தான். டூபிங்கனை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மன்ஹைம்வாசி

சாப்பாடு பற்றி யாரும் சொல்லவில்லை. ஆற்றோரத்தில் பழைய ஆயுதக் கிடங்கு ஒன்று, தடித்த கல்சுவர்க் கட்டடம், இப்போது மாணவர் உணவகம். வெளியாரும் போகலாம். வேண்டியதைத் தட்டில் எடுத்துக்கொண்டு எடைக்கு ஏற்பப் பணம். சைவம் நிறையவே கிடைக்கும். மே மாதம் என்பதால் எங்கும் வெள்ளை அஸ்பாரகஸ் போட்டிருப்பார்கள், பக்கத்து ஸ்வெட்சிங்கன் ஊர் அதற்குப் பேர்போனது. வேகவைத்து வெண்ணெய் விட்டுத் தருவார்கள். ஒரு தடவை சாப்பிட்டுப் பாருங்கள்.

'மாணவர் முத்தம்' என்று ஒரு சாக்லேட் உண்டு. 1863இல் தொடங்கிய க்னோசல் காபிக்கடையுடையது. விடுதிப் பெண்கள் துணைக்கு வரும் ஆசிரியையோடுதான் அங்கே வருவார்களாம், மாணவர்கள் பேச முடியாது. அதற்காகக் கடைக்காரர் இந்த மிட்டாயைச் செய்து, மாணவன் அதை ஒரு பெண்ணுக்கு அன்பளிப்பாகக் கொடுக்க வழி பண்ணினாராம். இந்தக் கதைக்காகவே நானும் என் மனைவிக்கு வாங்கிக் கொடுத்தேன்.

அச்சகத்து மகள்

போய் வந்தாயிற்று. ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். முகவரின் பஸ்ஸை விட்டுவிட்டு நாங்களே ரயிலில் போய் ஒரு இரவு தங்கினோம்.

பிற்பகல் இரண்டு மணிக்கு இறங்கி முதலில் குதிரையிடம்தான் போனோம். அப்பா படம் எடுத்துக்கொள்ளவில்லை. அதைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தார். "எண்ணெய் போடுற இடம் எங்கேன்னு தேடுறேன்" என்றார். பிறகு என் கணவரிடம், முதல்முதலில் ஹைடல்பெர்க் மெஷினைத் தொட விட்ட நாளில் முதலாளி தேங்காய் உடைக்கச் சொன்னதைச் சொன்னார். அது எனக்கே தெரியாத கதை.

மலை ரயில் பற்றிச் சொன்னவருக்குக் கோடி நன்றி. முழங்காலுக்கு எந்தச் சிரமமும் இல்லை. கோட்டையில் பீப்பாயைவிட அப்பாவை நிறுத்தி வைத்தது மருந்தக அருங்காட்சியகம்தான். வரிசை வரிசையாக மர இழுப்பறைகள், பீங்கான் ஜாடிகள், ஒவ்வொன்றிலும் மருந்துப் பெயர். அப்பாவுக்கு ஒரு சொல்லும் படிக்கத் தெரியாது. ஆனால் எழுத்தின் தடிப்பும் இடைவெளியும் எப்படி என்று முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். சரிந்து கிடக்கும் கோபுரத் துண்டையும் பார்த்தோம். அந்தப் பிரெஞ்சுக்காரர் கதையை அங்கே வைத்துத்தான் அப்பாவுக்குச் சொன்னேன்.

மாலையில் பாலத்தைக் கடந்தோம். பாலத்து முனையில் வெண்கலக் குரங்கு ஒன்று கையில் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறது. எல்லாரும் தொட்டுத் தொட்டு அந்தக் கண்ணாடி மட்டும் பளபளக்கிறது. கண்ணாடியைத் தொட்டால் பணம் வரும், விரல்களைத் தொட்டால் இந்த ஊருக்குத் திரும்பி வரலாம் என்பார்களாம். அப்பா விரல்களைத்தான் தொட்டார். வடகரையில் ஒரு மணி நேரம் நின்றோம். மன்ஹைம்வாசி சொன்ன அந்தச் சிவப்பு நிஜம். எட்டரை மணிக்கு மேல் கல் கறுத்து, அப்புறம் கோட்டைக்கு விளக்கு போட்டார்கள், ஆற்றில் அது ஆடியது.

மறுநாள் காலை ஆறரைக்கு நானும் அப்பாவும் மட்டும் மறுபடி பாலத்துக்குப் போனோம். 1784 வெள்ளத்தில் பனிக்கட்டி அடித்துப் பழைய மரப்பாலம் போன பிறகு, 1788இல் கல்லால் கட்டியது என்று படித்துக் காட்டினேன். 1945இல் பின்வாங்கிய ஜெர்மன் படையே நடு வளைவுகளைத் தகர்த்ததையும் சொன்னேன். அப்பா கைப்பிடிச் சுவரில் கை வைத்தபடி, "திரும்பக் கட்டுனது தெரியவே இல்லையே" என்றார். ஆற்றின் மேல் பனிப்படலம், ஒரு சைக்கிள்காரர், நாங்கள் இரண்டு பேர். வேறு யாரும் இல்லை.

நெக்கார்ச் செல்வி, மாணவர் சிறைக்கும் போனோம். அப்பா படியில் இரண்டு இடத்தில் நின்று நின்று ஏறினார். தலைக்கு மேலெல்லாம் முகங்கள். ஒரு மூலையில் 1900க்கு முந்தைய தேதி ஒன்றைக் கண்டுபிடித்து எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

திரும்பும்போது பெரிய தெருவில் ஒரு கடை வாசலில் படஅட்டைகள் சுழலும் தாங்கி. அப்பா ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்தார், ஓரத்தை நகத்தால் தடவினார், சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தார். சிவகாசியிலிருந்து அதைக் கொண்டு வந்திருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். "சிவப்பு அரை மயிரிழை வெலகியிருக்கு" என்று அதைத் திருப்பி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். ஐந்தாவது அட்டையில்தான் நாலு கலரும் ரெஜிஸ்டரில் சரியாக உட்கார்ந்திருந்தது. அதில் ஏழு வாங்கினார். பழைய அச்சகத்தில் கூட வேலை பார்த்தவர்களுக்காம்.

பொருநைக்காரி

அழுதுகொண்டே படித்தேன் அக்கா. நாங்கள் அம்மாவோடு செப்டம்பரில் போகிறோம். மழை பிடித்துவிட்டால் என்ன செய்யலாம்?

நெக்கார்ச் செல்வி

அந்த ஐந்தாவது அட்டையை நானும் தேடிப் பார்க்கப் போகிறேன்.

பொருநைக்காரி, மழைக்குப் பெரிய தெருவிலேயே குர்ஃபால்ஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. ரீமன்ஷ்னைடர் 1509இல் மரத்தில் செதுக்கிய பன்னிரண்டு சீடர்களின் பலிபீடம் அங்கே உண்டு. ஒவ்வொரு முகத்திலும் ஒவ்வொரு கவலை. அதன் முன்னால் உட்கார்ந்தால் மழை நிற்பதே தெரியாது. செப்டம்பர் முதல் சனிக்கிழமை வருகிறீர்கள் என்றால் அன்றிரவு கோட்டையைச் சிவப்பு வாணத்தில் எரிவது போலக் காட்டி, பாலத்தில் வாணவேடிக்கை விடுவார்கள். வருடத்தில் மூன்று தடவைதான் நடக்கும். வடகரைப் புல்வெளியில் அம்மா உட்கார ஒரு விரிப்பு கொண்டு வாருங்கள், ஆறு மணிக்கே இடம் பிடித்துவிடுங்கள். தங்குமிடத்தை இப்போதே பதிவு செய்யுங்கள்.